பழைய ஃபெல்ட் தொப்பியில் கறை, பூஞ்சணம், கோணல்: மலைப்பகுதியில் இருந்துகொண்டு எப்படிச் சரிசெய்வது?

#1 சிம்ஸ்பூங்கா வாசி (குன்னூர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது தோட்ட வேலைகளை மேற்பார்ப்பவராக, இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர், தாம் அணிந்திருந்த சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மழை, வெயில், பனி எதுவானாலும் தந்தையார் அதைப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவார். அவர் காலத்துக்குப் பின் அது ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறோம்.

ரிப்பனின் மேல் ஓரத்தை ஒட்டி வியர்வை ஊறிக் கறுத்த கோடு ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. இடப்பக்க விளிம்பில் தேநீர் சிந்தியதைப் போல, நடுவில் வெளிறி ஓரத்தில் பழுப்பேறிய ஒரு வட்டம் இருக்கிறது. உச்சியில் வெண்பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்துவிட்டது, பின்விளிம்பு தொங்குகிறது, உச்சி ஒரு பக்கமாக அமுங்கிக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் தோல்பட்டை விறைத்துப் போனாலும் 7⅛ என்ற அளவு மட்டும் பொன்னிறத்தில் தெரிகிறது.

உலர்சலவைக் கடை ஒன்றில் காட்டியபோது, கோட்டுகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிடலாம் என்றார்கள். மனம் ஒப்பாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இத்துடன் இன்னொரு தொப்பியும் இருக்கிறது. கொடைக்கானல் கடைத்தெருவில் மகளுக்கு வாங்கிய பழுப்பு நிறத் தொப்பி, ஒரே மழையில் நனைந்து உருக்குலைந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

#2 மன்னவனூர் மேடு (கொடைக்கானல் மேல்மலை)

ஐயா, இயந்திரத்தில் போடாமல் கொண்டுவந்தது மிகச் சரி. தண்ணீர், ஆவி, மருந்து என்று எதையும் தொடுவதற்கு முன்னால், உங்கள் கையில் இருப்பது எந்த இழையால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தொப்பிகளும் ஒரே சரக்காக இருக்க வாய்ப்பில்லை.

ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. அதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. ஆட்டுக் கம்பளியோ முயல் உரோமமோ, ஒவ்வொரு மயிரின் மேலும் மிக நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது மயிர்கள் ஒரு திசையிலேயே நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. செதில்கள் பின்வாங்க விடுவதில்லை. வெந்நீரில் கசக்கித் துவைத்த கம்பளிச் சட்டை சுருங்கிக் கெட்டியாவதும் இதனால்தான். ஆகவே ஃபெல்ட் தொப்பியை வெந்நீரில் நனைத்துக் கசக்கினால், பட்டறையில் பாதியில் நிறுத்திய வேலையை நாம் தொடர்ந்து செய்கிறோம் என்று பொருள்: தொப்பி சுருங்கும், அந்தச் சுருக்கத்தை மீட்கவும் முடியாது.

எங்கள் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது; அங்கே ஆடுகளோடு முயல்களையும் வளர்க்கிறார்கள். நீலகிரியில் உதகையை அடுத்த சாண்டிநல்லாவிலும் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் உண்டு. கம்பளியையும் முயல் உரோமத்தையும் அடுத்தடுத்துக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு விரலிலேயே தெரிந்துவிடும். உரோம ஃபெல்ட் மெல்லியது, ஆனால் நெருக்கமானது. தடவினால் வழுவழுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சிறிது நேரம் முத்தாகவே நிற்கும். கம்பளி ஃபெல்ட் தடித்தது, சற்றுச் சொரசொரப்பானது, ஈரத்தை விரைவில் குடித்துத் தளர்ந்துவிடும்.

கடைத்தெருவில் விற்பவற்றில் செயற்கை இழை கலந்தவையும் உண்டு. உள்பட்டையை மடக்கி, அதன் அடியிலிருந்து நான்கைந்து இழைகளை இடுக்கியால் பிடுங்கி, தொப்பியை எட்ட வைத்துவிட்டு அந்த இழைகளை மட்டும் நெருப்பில் காட்டுங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, கரி விரலில் பொடிந்தால் விலங்கு இழை. உருகிச் சொட்டி, ஆறியபின் கடினமான மணியாக நின்றால் செயற்கை இழை. அதற்கு ஆவியை மிகக் குறைவாகவே காட்ட வேண்டும்.

#3 லவ்டேல் மேடு (உதகை)

ஒரு சிறு எச்சரிக்கை. பழைய பங்களாப் பெட்டிகளில் கிடைக்கும் தொப்பி எல்லாம் ஃபெல்ட் அன்று. துரைமார் வெயிலுக்கு அணிந்த சோலா தொப்பியின் உள்ளே இருப்பது நெட்டி. மேலே துணி மட்டும் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு ஆவி காட்டினால் நெட்டி ஊறும், பசை விடும். விரலால் சுண்டிப் பார்த்தால் கட்டைபோல் லேசான ஓசை கேட்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபெல்ட் தொப்பிகளைச் சேர்த்துச் செய்த டெராய் தொப்பியும் தோட்டங்களில் பழக்கத்தில் இருந்தது. உங்களுடையது அந்த இரட்டைத் தொப்பியா, ஒற்றையா?

#4 சிம்ஸ்பூங்கா வாசி (குன்னூர்)

ஒற்றைத்தான். மன்னவனூர் ஐயா சொன்னபடி சோதித்தேன். இரண்டிலுமே மயிர் கருகும் நாற்றம்தான் வருகிறது. பழைய தொப்பியில் தண்ணீர் முத்தாக நிற்கிறது, தொட்டால் முயலின் காதைத் தொடுவதுபோல் இருக்கிறது. மகளின் தொப்பி தண்ணீரை உடனே உறிஞ்சிவிட்டது. ஆகவே ஒன்று உரோமம், மற்றொன்று கம்பளி என்று எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலை கெட்டிலை வைத்துப் பழைய தொப்பிக்கு ஆவி காட்டலாமா?

#5 வேதியியல் ஆசிரியை (உதகை)

ஐயா, பொறுங்கள், அந்தப் பழைய தொப்பிக்கு ஆவி காட்ட வேண்டாம். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இது உடல்நலம் தொடர்பானது.

முயல் உரோமத்தின் செதில்கள் கம்பளியுடையவற்றைப் போல எளிதில் சிக்கிக்கொள்வதில்லை. அவற்றைச் சொரசொரப்பாக்க, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின் மேல் பூசும் முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அந்தப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குக் கைநடுக்கமும் மனக்கலக்கமும் வந்தன. பாதரச ஆவியைச் சுவாசித்ததுதான் காரணம். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் இந்த முறை 1941-இல்தான் கைவிடப்பட்டது. அருங்காட்சியகங்களில் பழைய உரோமத் தொப்பிகளை இன்றும் கையுறை அணிந்தே எடுக்கிறார்கள், ஏனென்றால் இழைக்குள் பாதரசம் எஞ்சியிருக்கக்கூடும்.

உங்கள் தொப்பி உரோமத்தால் ஆனது. துரை சுதந்திரத்தை ஒட்டிய காலத்திலேயே அதை அணிந்திருந்தார் என்கிறீர்கள். அதில் பாதரசம் உண்டா இல்லையா என்பதை வீட்டுச் சோதனை எதனாலும் அறிய முடியாது. எனவே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. சூடாக்கினால் ஆவியாகும், தேய்த்தால் தூசியாகும். ஆதலால் அந்தத் தொப்பிக்குக் கொதியாவி வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், வீட்டுத் தூசி உறிஞ்சியும் வேண்டாம். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, மெல்லத் தூரிகையால் துடைக்கலாம். முகக்கவசம் பூஞ்சணத் தூசியைத்தான் தடுக்கும், பாதரச ஆவியைத் தடுக்காது. குழந்தைகள் தலையில் வைத்து விளையாட விடாதீர்கள். இனி அதை அணிவதற்கான தொப்பியாகக் கருதாமல், தந்தையார் நினைவாகக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்குரிய பொருளாகக் கருதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கம்பளி ஃபெல்ட்டுக்கு இந்தப் பாதரசப் பூச்சு தேவைப்பட்டதில்லை. மகளின் தொப்பிக்குத் தாராளமாக ஆவி காட்டலாம்.

#6 வெலிங்டன் தையற்காரர் (வெலிங்டன்)

ஆசிரியை அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படைத்துறையினரின் சீருடைகளோடு கூர்க்கா வீரர்களின் ஃபெல்ட் தொப்பிகளையும் பழுதுபார்த்தவன் என்ற முறையில், மகளின் தொப்பிக்கான வேலைமுறையை எழுதுகிறேன். உலர்ந்த வேலை முதலில், ஆவி அடுத்து, திரவம் கடைசியில் என்பதே எங்கள் பட்டறை வழக்கம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, தூசியைச் சேறாக்கி இழைக்குள் ஏற்றிவிடுகிறார்கள்.

தொப்பி ஈரமாக இருந்தால் முழுதும் காயும்வரை எதுவும் செய்யக்கூடாது. கணப்பின் அருகிலோ அடுப்பு மேடையிலோ வைத்துக் காயப்போடுவது நம் மலையில் எல்லோருக்கும் பழக்கம். அதுதான் தொப்பியைக் கெடுக்கிறது. உள்பட்டை தோலாக இருந்தால் சூட்டில் அது முதலில் சுருங்கி, தன்னோடு சேர்த்து ஃபெல்ட்டையும் உள்ளே இழுத்துவிடும். பட்டையை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டு, காற்றோட்டமுள்ள அறையில், உச்சி கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். விளிம்பு தரையில் படும்படி வைத்தால் அது தட்டையாகிவிடும்.

காய்ந்தபின் மென்மையான குதிரைமயிர்த் தூரிகையால், முன்பக்கத்தில் தொடங்கி, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றிவர நீவ வேண்டும். பெரும்பாலான தொப்பிகளில் மயிர்ப்போக்கு அந்தத் திசையில்தான் படிந்திருக்கும். கையால் தடவினால் எந்தத் திசையில் வழுக்குகிறதோ அதுவே போக்கு. வெளிர்நிறத் தொப்பிக்கும் கருநிறத் தொப்பிக்கும் தனித்தனித் தூரிகை வைத்துக்கொள்வது நல்லது.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோள மாவைத் தூவி, விரல்நுனியால் லேசாக அழுத்தி, இரவு முழுதும் விட்டுவிட்டுக் காலையில் தட்டி நீவுங்கள். மாவு மஞ்சளித்துக் கட்டியாக உதிர்ந்தால் பிசுக்கை இழுக்கிறது என்று அறியலாம். வெள்ளையாகவே உதிரும்வரை திரும்பச் செய்யலாம். முல்தானி மட்டி இதைவிட நன்றாக இழுக்கும், ஆனால் கருநிறத்தில் மங்கலாகத் தங்கிவிடும். வெளிர்நிறத்துக்கு மட்டும் அது. அழுக்கேறி மினுமினுத்த இடத்தை மட்டும் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளால் கையின் கனம் படாமல் இரண்டொரு முறை தடவலாம். ஓரிடத்திலேயே தேய்த்தால் அங்கே ஃபெல்ட் மெலிந்து, வெளிச்சத்தில் பிடிக்கும்போது தெரியும்.

#7 கோத்தகிரித் தைலம் (கோத்தகிரி)

நம் மண்ணின் மருந்தை யாருமே சொல்லவில்லையே! 1843-இல் நீலகிரிக்கு வந்த, நாங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் தைலம் எங்கள் வீட்டில் கம்பளிக்குக் கண்கண்ட மருந்து. பிசினோ தாரோ ஒட்டுக்காகிதப் பசையோ, பஞ்சில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் தொட்டு ஒற்றினால் விட்டுவிடும். தைல மரங்களின் தாயகமான ஆஸ்திரேலியாவில் கம்பளி துவைக்கும்போது தண்ணீரில் இந்தத் தைலத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். தொப்பியின் வியர்வைக் கறைக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

#8 வேதியியல் ஆசிரியை (உதகை)

கோத்தகிரி நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. யூகலிப்டஸ் தைலத்துக்குப் பிசுக்கையும் பிசினையும் கரைக்கும் ஆற்றல் உண்டு. கொடைக்கானல் பைன் காட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களின் உடையில் ஒட்டும் பிசினுக்கு அது நல்ல மருந்து. ஆனால் மூன்று நிபந்தனைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, தைலம் தூயதாக இருக்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் பாருங்கள். தூய தைலம் முழுதும் ஆவியாகிக் காகிதம் சுத்தமாக இருக்கும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் ஒளி ஊடுருவும் வட்டம் நிற்கும், அந்த வட்டம் உங்கள் தொப்பியிலும் நிற்கும். இரண்டு, அது எளிதில் தீப்பற்றும். கணப்போ கெட்டிலோ எரியும் அறையில் தொடவே கூடாது. மூன்று, அது கரைப்பது எண்ணெயை மட்டுமே. வியர்வைக் கறையில் எண்ணெய் மட்டும் இல்லை: உப்பு இருக்கிறது, காலப்போக்கில் காற்றோடு சேர்ந்து பழுப்பேறிய கொழுப்பு இருக்கிறது, தோல்பட்டையிலிருந்து இறங்கிய சாயமும் இருக்கிறது. பல ஆண்டுகள் ஊறிய கறுப்புக் கோட்டை எந்தத் தைலமும் முழுதாக எடுக்காது.

ஸ்பிரிட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது கேட்பார்கள். ஃபெல்ட் தொப்பிகளுக்கு விறைப்புக் கொடுக்க அரக்கைப் பயன்படுத்துவது பழைய முறை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கறை போகட்டும் என்று ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று ஆகிவிடும். சலவைச் சோடா, சமையல் சோடா, கார சோப்பு ஆகியவை அரக்குக்கும் ஆகாது, கம்பளிக்கும் ஆகாது. குளோரின் வெளுப்பானோ கம்பளியையே கரைத்துவிடும். கம்பளிக்கும் உரோமத்துக்கும் அமிலத்தைத் தாங்கும் தன்மை உண்டு, காரத்தைத் தாங்கும் தன்மை இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதித் தவறுகள் நேராமல் போகும்.

தேநீர்க் கறைக்கு இந்த வழியே பொருந்தும்: ஒரு பங்கு வெள்ளை வினிகரை மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீரில் கலந்து, வெள்ளைத் துணியின் நுனியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கறையைவிடச் சற்று அகலமாக, வெளியே போகப் போக ஈரம் குறைந்துகொண்டே போகும்படி ஒற்றினால் ஓரத்தில் புது வட்டம் விழாது. பழுப்பு வட்டம் உண்டாவதற்குக் காரணமே, ஈரம் வெளிநோக்கிப் பரவிக் காயும்போது கறையைத் தன்னோடு இழுத்துச் சென்று ஓரத்தில் விட்டுவிடுவதுதான்.

#9 சிம்ஸ்பூங்கா வாசி (குன்னூர்)

அம்மா எழுதியதைப் படித்தவுடன் பழைய தொப்பியை வீட்டிற்குள்ளிருந்து எடுத்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வெளித் திண்ணையில் வைத்துவிட்டேன். பிறகு கையுறை அணிந்து, தேயிலைச் சரிவை நோக்கி நின்று தூரிகையால் நீவினேன். பூஞ்சணம் மாவாக உதிர்ந்தது. அதன் அடியில் ஃபெல்ட் நிறம் மாறாமல், புறாக்கழுத்துச் சாம்பலாக இருந்ததைக் கண்டு மகிழ்ச்சி அடைந்தேன். சூடு காட்டாமல் அதன் வடிவத்தைச் சிறிதளவாவது சரிசெய்ய வழி இருக்கிறதா? அமுங்கிய உச்சியோடு பேழையில் வைக்க மனம் வரவில்லை. தேயிலைக் கறை படிந்த தொப்பி என்பதால் அந்த வட்டம் இருக்கட்டும். அதை எடுக்க நினைக்கவில்லை.

#10 மன்னவனூர் மேடு (கொடைக்கானல் மேல்மலை)

வழி இருக்கிறது, அதை நம் மலையே தருகிறது. கம்பளியும் உரோமமும் தம் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றின் ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகத் தெரியாமலேயே, உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்த ஈரத்திலேயே இழை சற்று இளகும். சமவெளியில் இதற்கு ஈரப்பெட்டி ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும். நமக்கு மூடுபனி போதும்.

மூடுபனி நிறைந்த காலையில், மழைச் சாரல் படாத திறந்த திண்ணையில் தொப்பியைச் சில மணி நேரம் வையுங்கள். பிறகு சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியைச் சிறு உருண்டைகளாகச் சுருட்டி, உச்சியின் உட்புறத்தில் ஒவ்வொன்றாகச் செருகி, அமுங்கிய இடத்தை உள்ளிருந்து மெல்ல எழுப்புங்கள். ஒரே நாளில் முழுதாக எழுப்ப முயல வேண்டாம். விரலால் அழுத்தி மடிப்பை நிமிர்த்தவும் வேண்டாம், பழைய ஃபெல்ட் மடிப்பில் விரிசல் விடும். பிற்பகலில் பனி விலகியதும் அதே துணி உருண்டைகளோடு நிழலில் காற்றாட விட்டுவிடுங்கள். ஈரத்தோடு இரவில் பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சணம் திரும்பிவிடும். அடுத்த மூடுபனி நாளில் இன்னும் ஒரு உருண்டை கூடுதலாக வையுங்கள்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை முடியாமல் இதைத் தொடங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறுமே தவிர இறங்குவதில்லை. காலையில் மூடுபனியும் பிற்பகலில் வெயிலும் வரும் தை, மாசிதான் இதற்கு ஏற்ற காலம்.

#11 வேதியியல் ஆசிரியை (உதகை)

மிக நல்ல யோசனை. கையுறையும் திறந்த வெளியும் இங்கேயும் பொருந்தும். நேர்வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். சூட்டுக்காகவும், சாயம் வெளுக்கும் என்பதற்காகவும்.

#12 வெலிங்டன் தையற்காரர் (வெலிங்டன்)

இனி மகளின் தொப்பிக்கு வருகிறேன். கெட்டிலில் தண்ணீர் நன்றாகக் கொதித்து, ஆவி சீராக வரத் தொடங்கியபின், தொப்பியை மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் தண்ணீர்த் துளி கோத்துக் கறையாகும். உள்பட்டையை வெளியே மடக்கி, ஆவி படாமல் காத்துக்கொள்ளுங்கள். குக்கரின் ஆவியை யாரும் பயன்படுத்த வேண்டாம். அது பீறிட்டு வரும், கையும் வேகும்.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தாலும் ஆவிக்குச் சமவெளியின் சூடு இருக்காது. உதகை உயரத்தில் 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதோடு குளிர்ந்த காற்றும் கலந்து ஆவி ஆறிவிடுகிறது. எனவே சன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, சற்றுக் கூடுதல் நேரம் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தால் சொல்ல முடியாது: விளிம்பை இரு விரலால் பிடித்தால் விறைப்பு நீங்கி, வளைத்த பக்கம் வளைந்து, விட்டதும் துள்ளித் திரும்பாமல் இருந்தால் அதுவே பதம்.

பதம் வந்ததும் விரைவாக வேலை செய்ய வேண்டும். உச்சியை முதலில் உள்ளிருந்து முழுதும் எழுப்பி உருண்டையாக்கிவிட்டு, அதன்பின் நடுப்பள்ளத்தைக் கை ஓரத்தால் அழுத்தி, முன்பக்க இரு கிள்ளல்களையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே சமயத்தில் பிடியுங்கள். இரு கையாலும் ஒன்றாகப் பிடித்தால்தான் இரண்டு பக்கமும் ஒத்து வரும். விளிம்பு அலையலையாக இருந்தால், மேசையின் ஓரத்தில் அதைக் கிடத்தி, ஈரமான பருத்தித் துணியை மேலே விரித்து, கம்பளிக்குரிய மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. வெறும் ஃபெல்ட்டின் மேல் சூட்டுப் பெட்டி பட்டால் மினுமினுப்பு விழும்.

ஆவியில் இளகிய இழை ஆறிக் காயும்போதுதான் புது வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆகையால் வடிவம் கொடுத்தபின் அது நன்றாகக் காயும்வரை யாரும் தொடக்கூடாது, தலையில் வைத்துப் பார்க்கவும் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதுதான் கடினமான கட்டம்.

#13 சிம்ஸ்பூங்கா வாசி (குன்னூர்)

மகளின் தொப்பிக்கு ஆவி காட்டினோம். உச்சி எழுந்துவிட்டது, விளிம்பும் சமமாயிற்று. ஆனால் மழையில் சுருங்கியதால் தலையில் இறுக்கமாக இருக்கிறது. நெற்றியில் தடம் விழுகிறது. எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்து அதன் மேல் ஏற்றிக் காயவைக்கலாமா?

#14 கடைசல் பட்டறை (பழனி)

குண்டான் வேண்டாம் ஐயா. குண்டான் வட்டம், தலை வட்டம் அன்று, முன்பின்னாக நீண்ட முட்டை வடிவம். வட்டத்தில் ஏற்றிய தொப்பி காதோரம் தொளதொளத்து, நெற்றியில் இன்னும் அழுத்தும்.

மகளின் தலையைச் சுற்றி, புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே அளவுநாடாவைப் பிடியுங்கள். பிறகு வளையும் ஈயக்கம்பி ஒன்றை அதே இடத்தில் தலையோடு பொருந்த வளைத்து, வடிவம் குலையாமல் எடுத்து, காகிதத்தில் அச்சுப்போல் வரைந்துகொள்ளுங்கள். சுற்றளவையும் இந்த வரைபடத்தையும் கொடுத்தால், தச்சர் யாரும் இரண்டு மூன்று பலகைகளை ஒட்டி அதே வடிவத்தில் கட்டை அறுத்துத் தருவார். கடைசலில் உருட்டினால் வட்டம்தான் கிடைக்கும். எனவே இதை வாளாலும் அரத்தாலும் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். கட்டையை இரு பாதியாக அறுத்து, நடுவில் ஆப்பு செருகும்படி வைத்துக்கொண்டால், ஆவி காட்டிய தொப்பிக்குள் வைத்து ஆப்பைச் சிறிது சிறிதாகத் தட்டி விரிக்கலாம். ஒரு சென்டிமீட்டர்வரை கம்பளி இணங்கிப் போகும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் உள்பட்டையின் தையல் பிரியும். மரம் நன்றாகக் காய்ந்ததாக, பால் கசியாததாக இருக்க வேண்டும். பச்சை மரம் ஆவி பட்டதும் சாயத்தைக் கக்கித் தொப்பியின் உட்புறத்தைக் கறையாக்கும்.

#15 சிம்ஸ்பூங்கா வாசி (குன்னூர்)

மிக்க நன்றி ஐயா, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். பழைய தொப்பியின் வியர்வைக் கோட்டை மறைக்க வழி உண்டா? மகளின் தொப்பியில் அரிசிமணியளவுக்கு ஓர் ஓட்டை தெரிகிறது, அது அந்துப்பூச்சியா?

#16 வெலிங்டன் தையற்காரர் (வெலிங்டன்)

வியர்வைக் கோட்டை எடுக்க முடியாதபோது, பழைய ரிப்பனைவிடக் கால் அங்குலம் அகலமான ரிப்பன் கட்டுவது தொப்பிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். குறுக்குவரிகள் ஓடும் கெட்டியான பருத்தி ரிப்பனாகப் பாருங்கள். சாட்டின் ரிப்பன் வளைவில் படியாது. ஆனால் தந்தையாரின் தொப்பியில் நான் அதைச் செய்யமாட்டேன். அந்த ரிப்பன் அவர் கட்டியிருந்தபடியே இருக்கட்டும். பேழையில் வைக்கும் பொருளில் புதுத் தையல் போட வேண்டிய தேவையும் இல்லை.

#17 மன்னவனூர் மேடு (கொடைக்கானல் மேல்மலை)

அந்துதான். கம்பளியைத் தின்பது பூச்சி அன்று, அதன் புழு. ஓட்டையைச் சுற்றி மெல்லிய நூலாம்படை போலவோ மணல்போன்ற எச்சமோ தெரிந்தால் புழு இன்னும் உள்ளே இருக்கிறது. மகளின் தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் தொப்பியின் மேல் தண்ணீர் கோத்துவிடும். பழைய தொப்பியை உணவு வைக்கும் உறைபெட்டிக்குள் எக்காரணத்தாலும் கொண்டுபோகாதீர்கள்.

அந்துருண்டையை ஃபெல்ட்டின் மேல் படும்படி போடுவதும் தவறு. ஓட்டைத் தகரப் பெட்டியைவிட, அமிலமில்லாத அட்டைப்பெட்டி நல்லது. தகரம் இரவுக் குளிரில் வியர்த்து, உள்ளே சொட்டும். மகளின் தொப்பியை அடிக்கடி எடுத்துத் தட்டி, வெளிச்சத்தில் காட்டி அணியுங்கள். இருளும் அசைவின்மையும்தான் அந்துக்கு வேண்டியவை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமானால், உள்பட்டையின் அடியிலிருந்து சுரண்டிய இழைத்தூளைத் துளையில் நிரப்பி, உட்புறத்தில் மெல்லிய துணியைத் துணிப்பசையால் ஒட்டுங்கள். ரிப்பனுக்கு அருகில் இருக்கும் ஓட்டை என்றால், தையற்காரர் ஐயா சொன்ன அகல ரிப்பனே அதை மூடிவிடும்.